கடலோர வீட்டுக்கு வெளிப்புற நாற்காலி: எது தாங்கும், எதை எழுதி வாங்க வேண்டும்

கடலுக்குப் பக்கத்து வீட்டில் வாசலிலும் மொட்டை மாடியிலும் போடும் நாற்காலி, மேசை, ஊஞ்சல் ஆகியவற்றை மழையைவிட அதிகமாகக் கெடுப்பது உப்பு. அலை உடையும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகள் காற்றில் ஏறுகின்றன. நீர் ஆவியானதும் எஞ்சும் உப்புத் துகள்கள் காற்றோடு ஊருக்குள் வந்து, எதிர்ப்படும் பொருள்களின்மேல் எல்லாம் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் பெரும்பாலான இரவுகளில் காற்று இந்த அளவைத் தாண்டியே இருக்கிறது. அதனால் ஒரு துளி மழையும் இல்லாத சித்திரை மாதத்திலும் கடலோர வீட்டு இரும்பு நாற்காலியின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். துரு பிடிக்க அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

கூரைக்கு அடியில் கிடக்கும் சாமான் பத்திரமாக இருக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். கடலோரத்தில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. திறந்த வெளியில் கிடப்பதை மழை அவ்வப்போது கழுவிவிடுகிறது. வராந்தாவிலும் போர்ட்டிகோவிலும் உள்ளவற்றின்மேல் உப்பு மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரே நாற்காலியிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். மேல்பக்கம் பளிச்சென்று இருக்கும். மழை படாத அடிப்பக்கத்தில், இருக்கையும் காலும் சேரும் மூலையில், துரு முதலில் எட்டிப்பார்க்கும்.

இந்தக் காற்றின் வலிமையைத் தமிழ்நாட்டில் நன்கு அறிந்த இடம் பாம்பன். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பதே பராமரிப்பாளர்களுக்கு ஓயாத வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்ற உயர்தரப் பூச்சும் முழுவதும் பற்றவைத்த இணைப்புகளும் பயன்படுத்தப்பட்டன. பாலத்துக்குப் பார்த்த அதே மூன்றையும்தான் நாற்காலிக்கும் பார்க்க வேண்டும்: எதனால் செய்தது, மேலே என்ன பூசியிருக்கிறது, எப்படி இணைத்திருக்கிறார்கள். கடைகளில் பேச்சு முதலாவதோடு நின்றுவிடுகிறது. வெளிப்புறச் சாமான் கெடுவதோ பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

இரும்பும் ஜி.ஐ.யும்

காற்றின் அரிக்கும் வேகத்தை அளக்க ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதில் அலைக்கு அருகிலுள்ள கடற்கரைப் பகுதிகள் பொதுவாக சி5 என்ற கடுமையான வகுப்பில் வரும். அந்த வகுப்பில் பூச்சில்லாத சாதாரண இரும்பு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை கரைகிறது. நாற்காலிச் சட்டத்துக்குப் பட்டறைகளில் வழக்கமாக எடுக்கும் 18 கேஜ் குழாயின் சுவர் 1.2 மில்லிமீட்டர், அதாவது 1,200 மைக்ரான். பூச்சு உரிந்த இடத்தில் அந்தச் சுவர் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். குழாயின் உள்பக்கமும் சேர்ந்து அரித்தால் அந்தக் காலமும் பாதியாகும்.

எம்.எஸ். எனப்படும் சாதாரண இரும்புக் குழாய்க்குப் பவுடர் கோட்டிங் கொடுத்து, 'துருவே பிடிக்காது' என்று விற்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பவுடர் கோட்டிங் நல்ல பூச்சுதான். ஆனால் அது 60 முதல் 80 மைக்ரான் வரையிலான ஒரு உறை மட்டுமே. இரும்பில் ஏற்கெனவே இருந்த துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சரியாக நீக்காமல் பூசினால் உறை ஒட்டாது. பற்றவைத்த இடங்களில் உள்ள கசடைத் தட்டி எடுக்காமல் பூசினால் அங்கேதான் முதல் கொப்புளம் எழும். வாங்கும் முன் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பது அவசியம். காலின் அடிமுனையில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் குழாயின் வெட்டுவாய் தெரியும். அது பூச்சில்லாமல் வெறும் இரும்பாக இருந்தால், தரை கழுவும் தண்ணீர் அதன் வழியே ஏறி, உள்ளிருந்தே குழாயைத் தின்னும். வெளியே வண்ணம் புதிதுபோல இருக்கும். ஒருநாள் கால் மடங்கிவிடும்.

துத்தநாகம் பூசிய இரும்பைக் குறிக்கும் ஜி.ஐ. என்ற சொல்லை வைத்தும் ஏமாறக் கூடாது. துத்தநாகப் பூச்சில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ரகங்கள் உண்டு. செய்து முடித்த சட்டத்தை உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது ஹாட் டிப். அதில் 50 முதல் 85 மைக்ரான் வரை பூச்சு ஏறும். நிறம் மங்கிய சாம்பலாக இருக்கும். ஆங்காங்கே வழிந்து உறைந்த துளிகள் தெரியும். மின்முலாம் பூசியது கண்ணாடிபோலப் பளபளக்கும், ஆனால் பூச்சு 5 முதல் 12 மைக்ரான்தான். பட்டறைக்கு வரும் ஜி.ஐ. குழாய்களில் பல, முன்கூட்டியே மெல்லிய பூச்சு ஏற்றிய தகட்டிலிருந்து செய்தவை. வெட்டிப் பற்றவைக்கும்போது அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகிறது. சி5 காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை கரையும். பத்து மைக்ரான் பூச்சு இரண்டு மழைக்காலம் தாண்டுவதே கஷ்டம். எண்பது மைக்ரான் பூச்சின்மேல் பவுடர் கோட்டிங்கும் சேர்ந்தால் பத்தாண்டுக்கு மேல் நம்பலாம். இரும்பில்தான் வேண்டும் என்பவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: பற்றவைத்து முடித்த பிறகு ஹாட் டிப், அதற்குமேல் பவுடர் கோட்டிங்.

வார்ப்பிரும்பு கனமானது. துரு பிடித்தாலும் சுவர் தடிமன் காரணமாக மெதுவாகவே வலுவிழக்கும். ஆண்டுக்கொரு முறை சுரண்டி வண்ணம் அடிக்க ஆளிருந்தால் அது பரவாயில்லை.

எஸ்.எஸ். என்றால் எந்த எஸ்.எஸ்.?

துருப்பிடிக்காத எஃகு துருவைத் தடுப்பது அதிலுள்ள குரோமியத்தால். குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தையே துளைக்கக்கூடியது. எனவே 'எஸ்.எஸ்.' என்று மட்டும் சொல்வது கடலோரத்தில் எதையும் உறுதி செய்யாது. இந்தியச் சந்தையில் மூன்று ரகங்கள் முக்கியமானவை. 202, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகம். வீட்டுக்குள் கைப்பிடிக்கும் கிரில்லுக்கும் சரி, கடற்காற்றுக்கு ஆகாது. 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். கரையிலிருந்து சற்றுத் தள்ளிய வீடுகளுக்கு, தவறாமல் கழுவினால், போதும். 316இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. குளோரைடைத் தாங்கும் திறன் அதிலிருந்துதான் வருகிறது. கடலைப் பார்த்த வீட்டுக்கு 316 வேண்டும்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்ற நம்பிக்கை கடைக்காரர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் ஒரேபோல வேரூன்றியிருக்கிறது. அது தவறு. 202, 304, 316 மூன்றிலும் காந்தம் ஒட்டாது. வளைத்த இடத்தில் மூன்றிலும் லேசாக ஒட்டவும் செய்யும். 316ஐ 304இலிருந்து பிரித்தறிய, மாலிப்டினத்தைக் காட்டும் சொட்டுச் சோதனை மருந்தோ, உலோகக் கலவையைச் சில விநாடிகளில் காட்டும் கையடக்க எக்ஸ்ரே கருவியோ வேண்டும். உலோகச் சோதனைக் கூடங்களிலும் பெரிய எஸ்.எஸ். கிடங்குகளிலும் இந்தக் கருவி இருக்கும். பெரிய தொகைக்கு ஆர்டர் கொடுப்பவர்கள், சோதனைச் சான்றைத் தரும்படி விற்பவரிடமே கேட்கலாம்.

316 கூடக் கழுவாமல் விட்டால் தேநீர் சிந்தியதுபோன்ற பழுப்புக் கறை படியும். அது வலுவைப் பாதிக்காது. ஆனால் கவனிக்காமல் விட்டால் குழியாகும். வழவழப்பான மேற்பரப்பில் உப்பு தங்காது. கோடுகோடாகத் தேய்த்த மேட் ஃபினிஷில் தங்கும். தரைக்கு ஊற்றும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடர் கரைசலும் எஸ்.எஸ்.மேல் படவே கூடாது. இரண்டிலும் குளோரின் சேர்மம் இருக்கிறது.

அலுமினியம்

கடலோரத்துக்கு, விலையையும் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால், பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமே பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. அது சிவப்புத் துரு பிடிக்காது; உள்பக்கம் வெறுமையாக இருந்தாலும் இரும்பைப் போலப் பொத்துப்போகாது. அதன் பலவீனம் திருகுகளில் இருக்கிறது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகி, அவற்றில் ஒன்று அரிக்கப்படும். அலுமினியச் சட்டத்தில் பித்தளைத் திருகு போட்டால் அலுமினியம் போகும். சாதாரண இரும்புத் திருகு போட்டால் திருகே துருப்பிடித்து, வழியும் கறை சட்டத்தைக் கெடுக்கும். 316 எஸ்.எஸ். திருகும், நடுவே நைலான் வாஷரும் சரியான சேர்க்கை. திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அங்கே அலுமினியம் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கனம் குறைவு என்பதே அலுமினியத்தின் வசதி, அதுவே ஆபத்தும் கூட. இதைப் பின்னால் பார்க்கலாம்.

மரம்

வெளிப்புறத்துக்குத் தேக்கு என்பது அனுபவத்தில் தேறிய தீர்ப்பு. அதிலுள்ள இயற்கை எண்ணெயும் டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருளும் கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடுவதில்லை. ஆனால் இந்தக் குணம் முழு மரத்துக்கும் உரியதல்ல. வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்கு மட்டுமே உரியது. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி வேறெந்த மலிவு மரத்தையும் போலவே உளுத்துவிடும். சீக்கிரம் வெட்டிய தோட்டத் தேக்கில் இந்த வெள்ளை அதிகம். மேசைக் காலின் குறுக்குவெட்டைப் பார்த்தால் பொன்பழுப்பு நிறத்தின் ஓரத்தில் வெளிறிய மஞ்சள் பட்டை தெரியும். அதை மறைக்கத்தான் பல இடங்களில் சாயம் ஏற்றி வார்னிஷ் அடித்து விற்கிறார்கள். வெளிப்புற மரச்சாமானை வார்னிஷ் போடாத நிலையில் பார்த்து வாங்குவதே நல்லது.

வேங்கையும் வேம்பும் நிழலில் தாங்கும். கடலோர மண்ணிலேயே வளர்ந்து, நாட்டுப் படகுக்கும் வண்டிக்கும் பயன்பட்ட பூவரசின் வைரத்தை இன்றைய கடைகள் மறந்துவிட்டன. தச்சரிடம் கேட்டால் சில ஊர்களில் இன்னும் கிடைக்கும். மாமரம், ரப்பர் மரம், பலகைத் துகளை அழுத்திச் செய்த போர்டு ஆகியவற்றுக்கு வெளியே வேலையே இல்லை. மரைன் ப்ளை என்ற பெயர் வேறு பலரைக் குழப்புகிறது. ஐ.எஸ். 710 தரத்து மரைன் ப்ளை 72 மணிநேரம் கொதிநீரில் இருந்தும் பசை விடாமல் தேற வேண்டும். அந்தச் சோதனை பசையைப் பற்றியது. ஓரங்களை மூடாமல் மழையில் போட்டால் உள்ளே உள்ள மரத்தாள் நீரை உறிஞ்சி உப்புவதை அந்த முத்திரை தடுக்காது.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டித் தங்கும்போதுதான் பூஞ்சை வேலையைத் தொடங்கும். ஆகவே மழையில் நனைவது குற்றமல்ல, காயாமல் இருப்பதே குற்றம். பலகைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும். கால்கள் நேரே தரையில் படாமல், ரப்பர் அல்லது எஸ்.எஸ். அடிக்கட்டையின்மேல் நிற்க வேண்டும். வெயிலில் தேக்கு வெள்ளிச் சாம்பலாக மாறுவது அழுகல் அல்ல, அப்படியே விடலாம். மேலே படலமாகப் படியும் வார்னிஷ் வெயிலில் விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியே புகுந்த நீரை வெளியே விடாது. ஆளிவிதை எண்ணெய் நம் ஈரக் காற்றில் கரும்பூசணத்துக்கு இரையாகும்.

பிளாஸ்டிக், வயர், கல்

உப்பு பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. அதைக் கெடுப்பது வெயில். புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு நிறம் வெளுத்து, கையில் சுண்ணாம்புபோல மாவு ஒட்டத் தொடங்கும்போது அந்த நாற்காலி உடையும் கட்டத்துக்கு வந்துவிட்டது. மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கில் சுண்ணாம்புத் தூளை அதிகம் கலந்து வார்த்தவை இந்த நிலையை விரைவில் எட்டும். கையால் அழுத்தினால் நெகிழ்ந்து மீள்வதற்குப் பதிலாக வெள்ளைக் கோடு விழுந்தால் அப்படிப்பட்டது என்று சந்தேகிக்கலாம். புற ஊதாத் தடுப்பு சேர்த்தது என்று பெட்டியிலோ அடிப்பக்க அச்சிலோ எழுதியிருப்பதே வெளிப்புறத்துக்கு உரியது. கறுப்பு நிறத்தில் உள்ள கார்பன் இயல்பாகவே கதிரைத் தடுக்கிறது.

பிரம்புபோலத் தோன்றும் செயற்கைப் பின்னல் சாமான்களில் இரண்டு கேள்விகள் உண்டு. பின்னல் பாலிஎத்திலினா, பி.வி.சி.யா? பி.வி.சி. வெயிலில் விறைத்து முறியும். அடுத்து, பின்னலுக்குள் மறைந்திருக்கும் சட்டம் அலுமினியமா, எம்.எஸ். குழாயா? இரண்டாவது கேள்விக்குக் காந்தமே பதில் சொல்லும். பின்னல் நன்றாக இருக்க, உள்ளே சட்டம் பொடிந்து விழுந்த ஊஞ்சல்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறைகளாக இருக்கும் வயர் நாற்காலிக்கும் இதே விதி: வயரை மாற்றிக்கொள்ளலாம், சட்டம் போனால் எல்லாம் போயிற்று. நிஜப் பிரம்பு வீட்டுக்குள் இருக்கட்டும்.

கருங்கல் பலகைக்குக் கடற்காற்று ஒரு பொருட்டே அல்ல. தோட்டத்தில் நிரந்தரமாக உட்கார இடம் வேண்டுமென்றால் கருங்கல் திண்ணையைப் போல நிலைப்பது வேறில்லை. சிமென்ட் பெஞ்சில் கவனம் வேண்டும். உள்ளே உள்ள கம்பி துருப்பிடித்தால் அது பழைய பருமனைப்போலப் பல மடங்கு வீங்கி, மேலே உள்ள சிமென்ட்டைப் பிளந்து தள்ளும். மெத்தைகளுக்கு, நூலாகும் முன்பே நிறமேற்றிய அக்ரிலிக் துணியும் நீர் வடியும் திறந்த துளை நுரையும் நல்லவை. ரெக்சின் ஓராண்டிலேயே வெடிக்கும்.

கழுவும் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பதே எல்லாப் பொருளுக்கும் பொதுவான காப்பு. ஆனால் கடலோரத்துப் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர். மீஞ்சூர் போன்ற இடங்களில் கடல்நீர் நிலத்தடியில் வெகுதூரம் ஊடுருவியிருக்கிறது. அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை எடுப்பதற்குப் பதில் பூசுவதாகிவிடும். குழாயில் வரும் குடிநீரோ சேமித்த மழைநீரோ ஒரு வாளி போதும்.

உடலுக்கு வரும் ஆபத்து

வெளிப்புறச் சாமான் கெடுவது பணநஷ்டம் மட்டும் அல்ல. உள்ளே துருப்பிடித்த கால் மடங்கும்போதும் வெளுத்த பிளாஸ்டிக் நாற்காலி பிளக்கும்போதும் அதிகம் அடிபடுபவர்கள் முதியவர்கள். ஊஞ்சலின் சங்கிலிக் கொக்கியும் கூரையில் அது மாட்டப்பட்ட போல்ட்டும் ஆண்டுக்கு இருமுறையாவது பார்க்க வேண்டியவை. மேசையின் கண்ணாடிப் பலகை டஃபன் (வலுவூட்டிய) கண்ணாடியாக இல்லாவிட்டால், உடையும்போது கத்திபோன்ற துண்டுகளாகும். டஃபன் கண்ணாடியின் மூலையில் அதற்கான முத்திரை பொதுவாகப் பதிந்திருக்கும். நண்பகல் வெயிலில் உலோக இருக்கை குழந்தையின் தொடையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். கரையானுக்கு மருந்தேற்றிய மரங்களில் சில, செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த உப்புகளை ஏற்றியவை. அந்தத் துண்டுகளை அடுப்பெரிக்கக் கூடாது, சாப்பாட்டு மேசைக்கும் பயன்படுத்தக் கூடாது.

புயல் தனி ஆபத்து. 2011 டிசம்பரில் தானே, 2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா என்று வடகிழக்குப் பருவமழைக் காலம் தமிழகக் கரைக்குப் பலத்த காற்றைக் கொண்டுவந்திருக்கிறது. மொட்டை மாடியில் கிடக்கும் அலுமினிய, பிளாஸ்டிக் நாற்காலிகள் அந்தக் காற்றில் எறிபொருள்கள். உயர்ந்த மாடிக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டி உள்ளே வைக்கக்கூடியதையோ, தரையோடு போல்ட் போட்டு இறுக்கக்கூடியதையோ வாங்குவது பாதுகாப்பு. புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் உள்ளே போக வேண்டியவை இந்த எடை குறைந்த நாற்காலிகள்தான்.

பில்லில் எழுத வேண்டியது

வாங்குபவருக்குச் சட்டம் போதுமான அளவு துணை நிற்கிறது. கடலோரத்துச் சாமான் வழக்குகளில் சிக்கல் சட்டத்தில் இல்லை, பில்லில் இருக்கிறது. 'எஸ்.எஸ். டேபிள் 1, சேர் 4' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு, 316 என்று கடைக்காரர் வாயால் சொன்னார் என்று நிரூபிப்பது கடினம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடு என்பதை விரிவாகவே வரையறுக்கிறது: சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லாமை மட்டுமல்ல, விற்பவர் எந்த வகையிலாவது சொன்ன தரம் இல்லாமையும் குறைபாடுதான். சொன்னதை எழுத்தில் வாங்கிவிட்டால் பாதி வழக்கு முடிந்தது.

1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. எந்தப் பயனுக்காக வாங்குகிறோம் என்பதை விற்பவரிடம் தெரிவித்து, அவர் தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது விற்பனையின் உள்ளார்ந்த நிபந்தனை ஆகிவிடும். ஆகவே பில்லிலோ ஆர்டர் படிவத்திலோ 'கடற்கரை வீட்டின் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு' என்ற நான்கு சொற்கள் இருப்பது பெரிய காப்பு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குறிப்பிட்ட பிராண்டின் பெயரைச் சொல்லி அதையே கேட்டு வாங்கினால் இந்தக் காப்பு கிடைக்காது. அப்போது அந்த நிறுவனத்தின் எழுத்து உத்தரவாதமே ஆதாரம்.

அந்த வரியோடு, உலோகத்தின் ரகம், பூச்சின் வகையும் மைக்ரான் அளவும், மரத்தின் பெயரும் வைரப்பகுதியா என்பதும், திருகுகளின் ரகம், உத்தரவாதக் காலம் ஆகியவையும் இடம்பெற வேண்டும். உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தில் 'கடலோரப் பகுதிகளுக்குப் பொருந்தாது' என்ற விலக்கு இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே படித்துவிட வேண்டும். தச்சரிடமோ வெல்டிங் பட்டறையிலோ செய்யக் கொடுத்தால், முன்பணம் கொடுக்கும்போதே இதே விவரங்களை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடலாம். பில் தர மறுப்பதே சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. போதிய சோதனை இல்லாமல் 'பத்து வருஷம் அசையாது' என்று உத்தரவாதம் சொல்வதும் அதே வகையில் வரும். சோதனை செய்ததாகச் சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு சொன்னவருடையது.

நாற்காலி, மேசை, கட்டில் முதலியவற்றுக்கு இந்தியத் தர அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) தரத்தைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். அந்த முத்திரை வலுவுக்கும் பாதுகாப்புக்கும் துணை. கடல் உப்பைத் தாங்கும் என்பதற்கான சான்றாக அதைக் கொள்ளக் கூடாது.

குறை தெரிந்த பிறகு

துருவோ கொப்புளமோ தெரிந்த அன்றே, அந்த இடத்தையும் முழுச் சாமானையும் தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும். சுரண்டி வண்ணம் அடித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். அடுத்து விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டி, குறையுள்ள பொருளுக்கான பொறுப்பைக் கடை கழற்றிவிட முடியாது. இணையத்தில் வாங்கியிருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணிநேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரசம்தான் நடக்கும். கட்டாயப்படுத்தும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்கு அங்கேதான் போகும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இணையம் வழியாகவும் அனுப்பலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பூச்சு மெதுவாகக் கெடும் பொருள் என்பதால், 'இன்னும் பார்க்கலாம்' என்று நாளைக் கடத்துபவர்கள் இந்தக் காலக்கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

ரகத்தைப் பற்றிய சண்டையை ஆய்வகம்தான் தீர்க்கும். பொருளைச் சோதிக்காமல் குறையை முடிவுசெய்ய முடியாது என்றால் ஆணையம் மாதிரியை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதங்களிலும், தேவைப்படுவதை ஐந்து மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். குறையைச் சரிசெய்யவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பவும், இழப்பீடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம்.

நாற்காலி உடைந்து காயம் பட்டிருந்தால் அது பொருள் பொறுப்பு என்ற தனி அத்தியாயம். தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை, எழுதிய உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, போதிய எச்சரிக்கை தராமை ஆகிய எதற்கும் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாத, பெயரில்லாத நாற்காலி என்றால் விற்ற கடைக்காரரே பொறுப்பாவார். மருத்துவச் சீட்டும் உடைந்த துண்டுகளும் கைவசம் இருக்க வேண்டும்.

வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். கடற்கரை விடுதி நடத்தும் நிறுவனம் பொருள் விற்பனைச் சட்டத்தின் துணையோடு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தம் பிழைப்புக்காகத் தாமே நடத்தும் சிறு தேநீர்க் கடைக்கோ வீட்டுத் தங்கலுக்கோ நாலு மேசை வாங்கியவருக்கு இந்த விலக்கு பொருந்தாது, அவர் நுகர்வோரே.

மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் கட்ட உத்தரவான தரப்பு, அதில் பாதியைச் செலுத்திய பிறகே மேல்முறையீடு ஏற்கப்படும். உத்தரவுக்குப் பணியாத தரப்புக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு.